பழனியில் இருப்பவர் பேர்

அத்தியாயம் ஒன்பது

அழகப்பனின் கால்கள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திச் சில நாட்களாகிவிட்டன. படுக்கையில் நீட்டினால் மடங்க மாட்டேன் என்றன. மடக்கினால் நீள மாட்டேன் என்றன.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, நாற்காலியிலேயே நரைத்த மனிதர் அவர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கியதும் முதலில் கட்டப்பட்டவற்றில் அவர் மூட்டையும் ஒன்று. தளத்து குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மனைவி பாக்கியலட்சுமியோடும் மகள் தங்கத்தோடும் நோரிஸ் ரோட்டு மாடியறைக்கு வந்ததையும், நாற்பத்தேழு வயதுக்காரருக்கு மேசை தர இந்த ஊரில் யாரும் தயாராக இல்லை என்று கண்டதையும் சென்ற வாரங்களில் பார்த்தோம். கடைசியில் கை கொடுத்தது ரவூப் பார்சல் கடை. கை என்பதைவிடப் பெடல் என்பது பொருத்தம்.

மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கும் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரவூப்பின் தொழில். முன்னால் மரப்பெட்டி, பின்னால் ஒரு சீட்டு, மூன்று சக்கரம். அதை மிதிப்பது அழகப்பனின் வேலை.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, கிராணியாரே," என்று சொல்லியிருந்தார் ரவூப். "ஒங்க ஒடம்பு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு நான் சொல்றேன்."

அந்த வாரம் இன்றோடு முடிகிறது. சனிக்கிழமை.

பாக்கியலட்சுமி தரையில் உட்கார்ந்து கணவரின் கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கம் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் திறந்து வைத்தபடி அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் திரும்பி வெகுநேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் பாக்கியலட்சுமியின் தம்பி பாலகிருஷ்ணன் படியேறி வந்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. கழுத்தில் டை, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"அத்தான், இன்னும் எந்திரிக்கலயா? பார்சல் எல்லாம் தானா நடந்து வந்துருமா?"

"வந்துட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றார் அழகப்பன்.

பாலகிருஷ்ணன் அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, நான் மறுபடியும் சொல்றேன். ஜூரோங் ஃபேக்டரில என் ஃபிரெண்டு இருக்கான். பொம்பளப் புள்ளைங்கள எடுக்கறாங்க. இன்னைக்கி நைட் ஷிஃப்டுக்குப் பேர் குடுத்தா உடனே எடுத்துக்குவாங்க. இவ படிச்சு என்ன ஆகப்போவுது?"

"இன்னும் ஒரு வருஷந்தான் மாமா," என்றாள் தங்கம்.

"ஒரு வருஷம் அத்தான் கால் தாங்கணும்ல."

எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு எழுந்தாள் பாக்கியலட்சுமி.

"இவருக்கு வேலை இருக்கற வரைக்கும் இவ படிப்பா. இல்லாமப் போச்சுன்னா அப்ப வந்து பேசு."

"சரி. இன்னைக்கிப் பொழுது சாயட்டும்," என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கிப் போனான்.

பாக்கியலட்சுமியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் எதையும் அழகு என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பூ லட்சணமாக இருக்கும். புடவை லட்சணமாக இருக்கும். பிறந்தபோது தங்கமும் லட்சணமாகத்தான் இருந்தாள். கணவரின் பேரைச் சொல்லக்கூடாது என்றால் அதன் பாதியையும் சொல்லக்கூடாது என்பது அவள் கணக்கு. தளத்து ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் நர்ஸ் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்ற தங்கத்தைத்தான் முன்னே தள்ளினாள்.

அந்தப் பழக்கம் இன்று வேறொரு வீட்டில், வேறொரு பெண்ணின் வாயில் வந்து அழகப்பனைக் கவிழ்க்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

*

காலையில் பெட்டியில் ஏறியது ஓர் அம்மிக்கல். சாக்கில் வைத்துச் சுற்றிலும் தைத்து, மேலே மையால் எழுதியிருந்தது. மு. சுப்பிரமணியம், துறைமுகக் குவார்ட்டர்ஸ், தஞ்சோங் பகார். வீட்டு எண் இருந்த இடத்தில் கடல் தண்ணீர் பட்டு நீலமாக ஒரு திட்டு மட்டும் மிச்சம்.

"நாளைக்குக் காலையில கல்யாணம்," என்றார் ரவூப். "பொண்ணோட அப்பா ஊர்லேருந்து சொல்லி வரவழைச்ச கல்லு. இதுலதான் பொண்ணு கால் வைக்கணுமாம். கப்பல் லேட்டு. பேரைக் கேட்டுக் குடுங்க. நீங்க பேர் சொல்லாதீங்க, அவங்க வாயால வரணும். வீட்டுல பொம்பளதான் இருந்தா புள்ளைங்கள விட்டுச் சொல்லச் சொல்லுங்க."

அழகப்பன் தலையாட்டினார். வாரம் முழுக்கக் கேட்ட பாடம்தான்.

தஞ்சோங் பகார் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் ஒன்றைப்போலவே இன்னொன்றாக வரிசையாக பிளாக்குகள் நின்றன. கீழே பல் துலக்கிக்கொண்டிருந்த ஆளிடம் விசாரித்தார்.

"சுப்பிரமணியமா? இங்க பாதிப்பேரு முருகன் பேருதான். மேல் மாடியில கேட்டுப் பாருங்கண்ணே," என்று துப்பினான் அவன்.

மேல் மாடி என்றால் நான்காவது. கல்லைத் தோளில் ஏற்றினார். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவதில் முழங்கால் நடுங்கியது. மூன்றாவதில் சுவரில் கல்லைச் சாய்த்துக்கொண்டு, கல்லின்மேல் தானும் சாய்ந்துகொண்டு, கீழே போய் வீட்டு எண்ணை விசாரித்துவிட்டு வரலாமா என்று யோசித்தார். கீழே போனால் மறுபடி ஏற வேண்டும். யோசனையை அங்கேயே விட்டார்.

கதவைத் திறந்தவள் இளம்பெண். கையில் கரண்டி.

"ஊர்லேருந்து பார்சலா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமாம்மா. ஒங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

முந்தானை நுனி விரலில் சுற்றிக்கொண்டது. பார்வை சுவருக்குப் போனது.

"பழனியில இருக்காருல்ல, அவரு பேருதான்."

"வீட்டுல புள்ளைங்க யாரும் இருக்கா?"

"இனிமேத்தான்," என்றாள் அவள்.

தோளில் கல் அழுத்தியது. வாசல்வரை வந்துவிட்ட மனிதரால், தோளில் அம்மியோடு, ரவூப்பின் விதியையெல்லாம் நினைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

"சுப்பிரமணியம்தானே?" என்று கேட்டுவிட்டார்.

தலை ஆடியது.

அடுப்படி ஓரத்தில் கல்லை இறக்கி வைத்தார். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். படியிறங்கும்போது, இந்த வேலை அப்படியொன்றும் முடியாத வேலை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

*

மத்தியானம் கடைக்குத் திரும்பியபோது ரவூப் வாசலிலேயே நின்றார். பக்கத்தில் பட்டுக்கரை வேட்டியில் ஒருவர். மு. சுப்பிரமணியத்தின் மைத்துனர்.

"கல்லு எங்கே, கிராணியாரே?"

"குடுத்துட்டனே. நாலாவது மாடியில."

"எங்க அத்தான் இருக்கறது அடுத்த பிளாக்குல, மூணாவது மாடி," என்றார் மைத்துனர். "காலையிலேருந்து வாசல்லயே நிக்கறாரு."

அழகப்பன் நடந்ததைச் சொன்னார். பழனி வரையில் ரவூப் பேசாமல் கேட்டார்.

"பேரை யாரு சொன்னது? அவங்களா, நீங்களா?"

"நான்தான்."

ரவூப் கோபப்படும் ஆள் அல்ல. அதுதான் கஷ்டம்.

"பொழுது சாயறதுக்குள்ள அந்தக் கல்லு சரியான வீட்டுல இருக்கணும். இல்லேன்னா கல்யாண வீட்டுக்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க திங்கக்கிழமை வர வேணாம்."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற பாக்கியலட்சுமியை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அந்தப் பொண்ணு குடுக்க மாட்டா," என்றாள் அவள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அழகப்பன்.

"ஊர்லேருந்து வந்துச்சுன்னு நெனச்சு வாங்கி வச்சிருக்கா. நீங்க போயிக் கேட்டா குடுப்பாளா? நானும் வாரேன்."

"பஸ்ஸுல போயி நில்லு. நான் மிதிச்சுக்கிட்டு வந்துடறேன்."

"எந்த பிளாக்குன்னு எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி, தூக்கைப் பெட்டியில் வைத்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ரவூப் பார்சல் என்று எழுதிய மரப்பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ரவூப் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

*

சிராங்கூன் ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். பூக்கடைக்காரர் கையில் நூலோடு நிமிர்ந்து பார்த்தார். யாரோ சீட்டியடித்தார்கள். பாக்கியலட்சுமி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், கடற்படைத் தளத்து பஸ்ஸில் போகிறவள்போல.

"கனமா இருக்கா?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"கல்லுக்கு நீ தேவலாம். பேசற கல்லு."

சௌத் பிரிட்ஜ் ரோட்டு விளக்கில் வண்டி நின்றபோது, வேலை முடிந்து நடந்துவந்த பாலகிருஷ்ணன் எதிரே நின்றான். முதலில் அத்தானைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் இருப்பது யார் என்பதைப் பார்த்தான்.

"அக்கா, எறங்கு."

"எதுக்குடா?"

"நாலு பேரு பாக்கறாங்க. என் ஆபீஸ் ஆளுங்க பின்னால வர்றாங்க."

"பாக்கட்டும். அவங்க யாரும் மிதிக்கல."

"என்ன கூத்து இது? எங்க போறீங்க?"

"தப்பான வீட்டுல கல்லக் குடுத்துட்டாரு. பொழுதுக்குள்ள எடுத்துச் சேக்கலேன்னா வேலை போயிடும்."

விளக்கு மாறியது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. அழகப்பன் எழுந்து நின்று மிதித்தார். வேலை போயிடும் என்ற இரண்டு சொல்லோடு பாலகிருஷ்ணன் நடைபாதையில் நின்றான். அவனுக்கு எப்போதும் வாக்கியத்தின் கடைசிப் பகுதிதான் காதில் தங்கும்.

*

நான்காவது மாடியில் கதவு திறந்தபோது மஞ்சள் வாசனை வந்தது. சாக்கைப் பிரித்து, கல்லைக் கழுவி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு வெற்றிலைமேல் கற்பூரம் எரிந்த கறுப்பு. அவள் பேர் பூவம்மா என்று இப்போதுதான் தெரிந்தது.

பாக்கியலட்சுமி விஷயத்தைச் சொன்னாள். பூவம்மா கல்லுக்கும் அவர்களுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டாள்.

"இது எங்கம்மா அனுப்புனது. போன வருஷம் கப்பல்ல வந்த எங்க சித்தப்பாகிட்ட சொல்லி வுட்டுச்சு, ஒனக்கு ஒரு அம்மி அனுப்பறேன்னு. ஒவ்வொரு கப்பலுக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப வந்துச்சு. இதெப்படிக்கா வேறொருத்தருதா இருக்கும்?"

"சாக்குல பேர் போட்டிருக்கும்மா," என்றார் அழகப்பன். "சுப்பிரமணியம்னு."

"எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கதான சுப்பிரமணியமான்னு கேட்டீங்க?"

"நீ தலையாட்டினியே?"

"சாமி பேரைச் சொல்லிக் கேட்டா எப்படிண்ணே இல்லன்னு சொல்றது? அவரும் முருகன்தான், இவரும் முருகன்தான்."

அழகப்பன் மனைவியைப் பார்த்தார். இதற்கு மேல் தன்னிடம் சரக்கில்லை என்று அந்தப் பார்வை சொன்னது.

"சரி பூவம்மா," என்றாள் பாக்கியலட்சுமி. "ஒன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லு. சாக்குல உள்ள பேரோட சேந்துச்சுன்னா நாங்க பேசாமப் போயிடறோம்."

"அதெப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான்."

பூவம்மா சிரிக்கவில்லை. யோசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்க ஒங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க பாப்போம். அப்புறம் நான் சொல்றேன்."

கீழே எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அழகப்பன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். மனைவியின் வாயில் தன் பேர் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"சொல்றேன்," என்றாள் பாக்கியலட்சுமி.

"ஆம்பளைய முன்னால வச்சுக்கிட்டா?"

"என்னங்க, நீங்க கொஞ்சம் கீழ போயி நில்லுங்க."

"நான் காதைப் பொத்திக்கறேன்."

"கீழ போங்க."

போனார். அரை மாடி இறங்கி, படித்திருப்பத்தில் நின்றார். மேலே கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒரு முணுமுணுப்பு, கொஞ்சம் அமைதி, இன்னொரு முணுமுணுப்பு, அப்புறம் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் சிரிக்கும் சத்தம். என்ன சிரிப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் பேரில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம்.

கதவு திறந்தது.

"வாங்க," என்றாள் பாக்கியலட்சுமி. "தண்டபாணி."

"யாரு?"

"அவ வீட்டுக்காரர். நான் சொல்லலாம், எனக்கென்ன?"

பூவம்மா கல்லைப் பார்த்தபடி நின்றாள். "எடுத்துக்குங்கண்ணே. பொண்ணு கால் வைக்கற கல்லு. நான் வச்சிருந்தா நல்லாருக்காது." கொஞ்சம் பொறுத்து, "ஒரு மொளகாகூட வைக்கலன்னு அவங்ககிட்ட சொல்லுங்க," என்றாள்.

"எங்க அம்மி படிக்குக் கீழ சும்மாக் கெடக்கு," என்றாள் பாக்கியலட்சுமி. "மாடி அதிருதுன்னு வீட்டுச் சொந்தக்காரன் அரைக்க விடல. ஒங்கம்மா அனுப்பறது வர்ற வரைக்கும் நீ வச்சுக்க. நாளைக்கு இவரே கொண்டாந்து போடுவாரு."

அழகப்பன் நான்கு மாடியையும் மனசுக்குள் ஒருமுறை ஏறிப் பார்த்தார். குனிந்து கல்லைத் தூக்கினார்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கல் முன்னால் இழுத்தது. பாக்கியலட்சுமி பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இறங்கினார்கள், அடுத்த பிளாக்குக்குப் போனார்கள், மூன்று மாடி ஏறினார்கள்.

வாசலில் மாவிலைத் தோரணம். மைத்துனர் சொன்னபடியே வெள்ளை வேட்டியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துருச்சா, வாங்க வாங்க."

அழகப்பன் கல்லை இறக்கவில்லை. "பேர் சொல்லுங்க."

"அட, நான்தாங்க."

"பேர் சொல்லணும்."

"மு. சுப்பிரமணியம்."

"இன்னொரு தடவை."

சொன்னார். கல் இறங்கியது. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, "இது யாரு வச்சது?" என்றாள்.

"புதுசாக் கல்யாணமான பொண்ணு ஒண்ணு," என்றாள் பாக்கியலட்சுமி. "மனசார வச்சா."

அந்த அம்மாள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

ரவூப் கடையைப் பாதி சாத்தியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "திங்கக்கிழமை வெள்ளன வாங்க, கிராணியாரே," என்றார். அவ்வளவுதான். வாரம் முடிந்தது, வேலை நிலைத்தது. நாளைக்கு அம்மி ஏற்ற வண்டி வேண்டும் என்று கேட்டபோது, "வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க," என்று சொல்லி மீதிக் கதவையும் சாத்தினார்.

பாக்கியலட்சுமி மறுபடி பெட்டியில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கிய தெருவில் வண்டி மெல்லப் போனது. மிதிப்பவருக்கு அவசரம் இல்லை. தங்கத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. கால்கள் வலித்தன. ஆனால் பேச்சைக் கேட்டன.

"எப்படிச் சொன்னே?" என்று கேட்டார்.

"எதை?"

"அதான். மேல."

"சொன்னேன். அவ கேட்டா. முடிஞ்சுபோச்சு."

பால்காரரின் மாடு ஒன்று சாலையைக் கடந்து முடிக்கும்வரை வண்டி காத்திருந்தது.

"மஞ்சள் பூசி, பொட்டு வச்சு," என்றாள் பாக்கியலட்சுமி, மாட்டைப் பார்த்தபடி, "அந்தக் கல்லு அழகா இருந்துச்சுல்ல."

மாடு போய்விட்டது. வண்டி நகரவில்லை.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். நோரிஸ் ரோட்டுக்குள் திரும்பியபோது, இத்தனை வருஷத்தில் தனக்குச் சொந்தமாயிருந்தும் கேட்காத ஒரு சொல்லை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் கீழ்வீட்டு நஃபீசா நின்றிருந்தாள். மாடியறைச் சாவி அவள் கையில் இருந்தது.

"எங்கே போயிட்டீங்க பாக்கியக்கா? உங்க தம்பி வந்தாரு. அண்ணனுக்கு வேலை போயிடுச்சாமே?"

"யாரு சொன்னா?"

"அவருதான். தங்கத்துகிட்ட சொன்னாரு. அது உடனே பள்ளிக்கூடப் புஸ்தகத்தையெல்லாம் கட்டி என் வீட்டுல வச்சுட்டு, அவர்கூடக் கெளம்பிடுச்சு. பேர் குடுக்கப் போறேன்னு சொல்லச் சொன்னுச்சு. ஜூரோங் கம்பெனி லாரி ரேஸ் கோர்ஸ் ரோட்டு முனையில நிக்குமாம். விளக்கு வச்சதும் லாரியை எடுத்துருவாங்களாம்."

எதிர்க் கடையில் விளக்குப் போட்டார்கள்.

பாக்கியலட்சுமி பெட்டியிலிருந்து இறங்கவில்லை. இரண்டு பக்கப் பலகையையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மிதிங்க," என்றாள்.